சிமிலன் முதல் ரிஷலியூ வரை: படகிலேயே தங்கி டைவ் அடிக்க முழு வழிகாட்டி

தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கம், காவ் லாக் அருகிலுள்ள தாப் லமு துறையிலிருந்து கிளம்பும் டைவ் படகுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே வரிசையில்தான் போகும். முதலில் சிமிலன் தீவுகள், அப்புறம் வடக்கே கோ போன், அதற்கும் வடக்கே கோ தாச்சாய், கடைசியில் சுரின் பூங்காவுக்குள் இருக்கும் ரிஷலியூ பாறை. நான்கைந்து நாள் படகிலேயே சாப்பாடு, தூக்கம், டைவ்.

இந்த வரிசையில் இடங்கள் போகப்போகக் கடினமாகிக்கொண்டே போகும். சிமிலனில் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு தாச்சாயில் இறங்கும்போது "அடடா, நீரோட்டம்" என்று தவிப்பவர்களைத்தான் ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். அதனால் எந்த வேலையை எந்தக் கட்டத்தில் முடிக்க வேண்டும் என்ற வரிசையிலேயே எழுதுகிறேன். புதுச்சேரியிலோ ஹேவ்லாக்கிலோ ஓபன் வாட்டர் என்கிற முதல்கட்ட டைவிங் கோர்ஸ் முடித்து, முதன்முறையாகப் படகுப் பயணம் போக நினைப்பவர்களுக்காக இது.

1. முதலில் தேதி, அப்புறம்தான் படகு

சிமிலன் தேசியப் பூங்கா அக்டோபர் 15 முதல் மே 15 வரைதான் திறந்திருக்கும். மீதி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கடலில் படகை நிற்கவே விடாது. டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் பொதுவாக அமைதி. மான்டா திருக்கையும் திமிங்கலச் சுறாவும்தான் நோக்கம் என்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாய்ப்பு அதிகம். ஆனால் அவை வருவதே கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளைத் தின்னத்தான், அவை நிறைந்த நீர் பச்சையாகக் கலங்கித்தான் இருக்கும். தெளிந்த நீரும் வேண்டும், மான்டாவும் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஏமாற்றம்தான்.

மாதத்தைவிட முக்கியம் நிலவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்ற இறக்கம் பெரிதாக இருப்பதால் நீரோட்டமும் வலுவாக இருக்கும். அரை நிலவை ஒட்டிய நாட்களில் அது அடங்கும். முதல் பயணம் என்றால் காலண்டரை எடுத்து, தாச்சாய், ரிஷலியூ போகும் நாட்கள் அட்டமியை ஒட்டி விழுகிற பயணமாகப் பாருங்கள். ஒரு வாரம் தள்ளிப் போவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பலரும் விமான டிக்கெட் விலையைப் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள், நிலவைப் பார்ப்பதே இல்லை.

2. ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

சான்றிதழ்: ஓபன் வாட்டர் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர், அதற்கு அடுத்த கட்டமான அட்வான்ஸ்டுக்கு 30 மீட்டர். தாச்சாயின் உச்சியே ஏறக்குறைய 12 மீட்டர் ஆழத்தில்தான் தொடங்குகிறது, எனவே 18 மீட்டரில் நிற்க வேண்டியவருக்கு அங்கே பெரிதாக இடமில்லை. பல படகுகள் கடைசி இரண்டு இடங்களுக்கு அட்வான்ஸ்டு கேட்கும். கேட்காத படகிலும் அது இருப்பதுதான் நல்லது. படகிலேயே கோர்ஸ் முடிக்கலாம், ஆனால் என் கருத்து, முன்பே முடித்துவிடுங்கள். பயணத்தில் கற்பதற்கு வேறு நிறைய இருக்கிறது.

கடைசியாக டைவ் அடித்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதா? காவ் லாக்கில் ஒரு நாள் முன்னதாகப் போய், ஒரு புத்துணர்வுப் பயிற்சி எடுத்துக்கொண்டு படகேறுங்கள். மாஸ்கில் தண்ணீர் ஏறினால் கை தானாக வேலை செய்ய வேண்டும். அதை 25 மீட்டர் ஆழத்தில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

மருத்துவப் படிவம்: இங்கேதான் பயணம் தொடங்கும் முன்பே பலர் மாட்டுகிறார்கள். படகில் தரும் படிவத்தில் ஆஸ்துமா, ரத்த அழுத்தம், காது அறுவை சிகிச்சை என்று கேள்விகள் இருக்கும். ஒன்றுக்கு "ஆம்" என்று விழுந்தாலும் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள், துறைமுகத்தில் இரவு எட்டு மணிக்கு மருத்துவரை எங்கே தேடுவது? படிவத்தை முன்கூட்டியே வாங்கிப் படித்து, தேவைப்பட்டால் ஊரிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பொய் எழுதிச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அழுத்தம் உங்கள் நுரையீரலைத்தான் சோதிக்கும், படிவத்தை அல்ல.

காப்பீடு: சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் ஆழ எல்லை வைத்திருப்பார்கள். உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் குமிழியாகி வரும் அழுத்த நோய்க்கு மருந்து அழுத்த அறைச் சிகிச்சைதான். புக்கெட்டில் அந்த வசதி உண்டு, செலவு பெரியது. டைவிங்குக்கென்றே உள்ள காப்பீட்டை எடுங்கள்.

நைட்ராக்ஸ்: நாளுக்கு நான்கு டைவ் என்று போகும்போது உடம்பில் நைட்ரஜன் சேர்ந்துகொண்டே போகும். நைட்ராக்ஸ் என்பது ஆக்ஸிஜன் கூட்டிய காற்று, 32 சதவீத ஆக்ஸிஜன் உள்ள நைட்ராக்ஸ் அதைக் குறைக்கும். கோர்ஸ் சின்னது, ஊரிலேயே முடித்துவிடலாம். ஆனால் அதோடு ஒரு கட்டுப்பாடும் வரும்: 32 சதவீதத்தில் 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, ஆக்ஸிஜன் நஞ்சாகும். கோ போனிலும் தாச்சாயிலும் தரை 40 மீட்டர் வரை இறங்குவதால் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒவ்வொரு டேங்கையும் நீங்களே ஆக்ஸிஜன் அளக்கும் கருவி வைத்துப் பார்த்து, அளவை டேங்கில் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொன்னதை நம்பி மாட்டாதீர்கள்.

3. பையில் என்ன வைப்பது

மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், எஸ்.எம்.பி. என்கிற ஊதும் மிதவைக் குழாய். இந்த மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும், மற்றதை வாடகைக்கு எடுக்கலாம். வேறொருவர் முகத்துக்கான மாஸ்க் உங்கள் டைவ் முழுவதையும் கெடுக்கும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை, முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஒரே கருவி உங்கள் கையிலேயே இருந்தால்தான் அதன் கணக்கு சரி. நண்பரோடு மாற்றி மாற்றிக் கட்டினால் அது வேறொருவர் உடம்பின் கணக்காகிவிடும்.

3 மில்லிமீட்டர் வெட்சூட் பெரும்பாலோருக்குப் போதும், நீர் 27 முதல் 30 டிகிரி இருக்கும். ஆனால் இந்தக் கடலில் ஆழத்திலிருந்து குளிர்ந்த பச்சை நீர் திடீரென்று மேலேறி வரும். குளிர் தாங்காதவர்கள் 5 மில்லிமீட்டர் எடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து எல்லோருக்குமே குளிரும், உடம்பு அவ்வளவு நேரம் நீரில் ஊறியிருக்கும்.

சன்ஸ்கிரீன் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ளிட்ட நான்கு வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கேடு என்று 2021 முதல் தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் தடை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது இன்னும் சுலபம். கையுறை வேண்டாம், கையில் உறை இருந்தால் பாறையைப் பிடிக்கத் தோன்றும். கேமராவைப் பொறுத்தவரை 2025 முதல் அட்வான்ஸ்டு சான்றிதழோ குறைந்தது 40 டைவ் பதிவோ இல்லாதவர்கள் நீருக்கடியில் கேமரா பயன்படுத்தக் கூடாது என்று விதி வந்திருக்கிறது. லாக்புக்கைக் கையோடு கொண்டுபோங்கள். பூங்காக் கட்டணத்தைப் பல படகுகளில் பணமாகத்தான் கட்ட வேண்டும், பாட் நோட்டு இருக்கட்டும்.

4. படகேறிய இரவு

வாந்தி மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். தலை சுற்றிய பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது. எந்த மாத்திரை உங்களுக்கு எவ்வளவு தூக்கம் வரவைக்கும் என்று வீட்டில் ஒருநாள் போட்டுப் பாருங்கள், டைவ் அடிக்கலாமா என்று மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆழத்தில் மயக்கம் கலந்த மூளை வேண்டாம்.

இரவு முழுக்கப் படகு ஓடும், தாப் லமுவிலிருந்து சிமிலன் 60 கிலோமீட்டருக்கும் மேல். படுக்கப் போகும் முன் ஒரு வேலை: உங்கள் அறையிலிருந்து மேல்தளத்துக்கு வர எத்தனை வழி, இரண்டாவது வழி எங்கே திறக்கிறது, லைஃப் ஜாக்கெட் எங்கே என்று நடந்தே பாருங்கள். டைவ் படகுகளில் தீ விபத்துகள் நடந்திருக்கின்றன. பேட்டரிகளை அறையில் இரவெல்லாம் சார்ஜ் போடாதீர்கள், ஆள் நடமாட்டம் உள்ள பொது இடத்தில், விழித்திருக்கும்போது போடுங்கள். படகுக்காரர் கேட்கவில்லையென்றாலும் நீங்கள் செய்யுங்கள்.

5. முதல் டைவ்: மீனை விடுங்கள், எடையைப் பாருங்கள்

இந்தப் பயணத்தில் இதைவிட முக்கியமான கட்டம் இல்லை.

முதல் டைவை 5, 6ஆம் தீவுகள் பக்கமுள்ள அனிட்டா ரீஃப் போன்ற அமைதியான மணல் சரிவில்தான் பெரும்பாலும் வைப்பார்கள். உடனே எல்லோரும் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். நீங்கள் ஈயக்கட்டியைச் சரிபார்க்க வேண்டும். புதியவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று கிலோ அதிகமாகக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள், முன்பு யாரோ ஒரு பயிற்றுநர் "சட்டென்று கீழே போகட்டும்" என்று கட்டிவிட்ட எடையை அப்படியே தொடர்வார்கள். எடை கூடினால் அதைச் சமாளிக்க, மிதப்பைக் கட்டுப்படுத்தும் பி.சி.டி. ஜாக்கெட்டில் காற்றை ஊத வேண்டும். அந்தக் காற்று ஒரு மீட்டர் மேலே போனால் விரியும், ஒரு மீட்டர் கீழே போனால் சுருங்கும். எனவே ஊதுவதும் விடுவதுமாக டைவ் முழுக்கப் போகும். உடம்பும் நேராகப் படுக்காமல் கால் தொங்கி நிற்கும். மூச்சு வாங்கும், காற்று 35 நிமிடத்தில் தீரும்.

சோதிக்கும் முறை இது. டைவின் முடிவில், டேங்கில் 50 பார் (காற்றழுத்த அளவு) இருக்கும்போது, மேற்பரப்பில் ஜாக்கெட்டிலுள்ள காற்று முழுவதையும் விட்டுவிட்டு, சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து, கால் அசைக்காமல் நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெதுவாக அமிழ வேண்டும். மூச்சை உள்ளே வைத்திருக்கும்போதே மூழ்கினால் ஒரு கிலோ கழற்றுங்கள், மூச்சை விட்ட பிறகும் மிதந்தால் ஒரு கிலோ சேருங்கள். நிறைந்த டேங்கோடு சோதித்தால் ஏமாந்துவிடுவீர்கள், இங்கே தரும் அலுமினிய டேங்க் காலியாக ஆக மிதக்கத் தொடங்கும். டைவ் தொடக்கத்தில் சரியாக இருந்த எடை, கடைசியில் நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய நேரத்தில் போதாது.

இரண்டாவது டைவில் மறுபடி பாருங்கள். முதல் நாள் முடிவதற்குள் எண் தெரிந்துவிடும், அதை லாக்புக்கில் எழுதிவிடுங்கள்.

6. சிமிலன்: கிழக்கில் பழகி மேற்குக்குப் போங்கள்

தெற்கிலிருந்து வடக்காக ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட தீவுகள். கிழக்குப் பக்கம் மெல்லச் சரியும் பவளத் திட்டு. மேற்குப் பக்கம் வீடு அளவுக்குப் பெரிதாகக் குவிந்த கருங்கற் பாறைகள், அவற்றுக்கிடையே புகுந்து வெளியே வரும் சந்துகள்.

8ஆம் தீவின் அருகிலுள்ள எலிஃபன்ட் ஹெட் ராக் இதில் பேர்போனது. மூன்று பாறை முனைகள் கடலுக்கு மேலே தலை நீட்டும், அடியில் சந்துகள் பின்னிக் கிடக்கும். சந்தில் நுழையும் முன் மறுமுனை வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நுழையாதீர்கள், வழிகாட்டி முன்னால் போனாலும் தலையசைத்து மறுத்துவிடலாம். பாறைகளுக்கிடையே நீர் இழுத்துத் தள்ளும், அந்த நேரத்தில் துடுப்பு அடிக்காமல் அதன் போக்கிலேயே விட்டு, அது அடங்கும்போது இரண்டு அடி அடித்து முன்னேறுங்கள். 9ஆம் தீவின் வடமேற்கிலுள்ள கிறிஸ்துமஸ் பாயின்ட்டிலும் இதே பாடம்தான்.

பெரிய டைட்டன் கிளாத்தி மீன் ஒன்று மணலில் குழி பறித்துக்கொண்டிருந்தால் விலகிப் போங்கள். கூடு காக்கும் காலத்தில் அது கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் என்பதால், பயந்து மேலே நீந்துபவரை அது இன்னும் துரத்தும். படுத்தவாக்கில் பக்கவாட்டில் நீந்துங்கள், துடுப்பு அதன் பக்கம் இருக்கட்டும்.

7. மிதவை, ஏணி: இதையும் சிமிலனிலேயே பழகுங்கள்

5 மீட்டரில் நின்றபடி எஸ்.எம்.பி.யை ஊதி மேலே அனுப்பப் பழகுங்கள். கயிறு கைவிரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது, ஊதும் கணத்தில் நீங்களும் சேர்ந்து மேலே போகக் கூடாது. அமைதியான நீரில் மூன்று நான்கு முறை செய்தால் வந்துவிடும். ரிஷலியூவில் கூட்டத்திலிருந்து பிரிந்துபோனால், அலைக்கு மேலே உங்களைக் காட்டப்போவது இந்த ஆரஞ்சுக் குழாய் மட்டும்தான்.

மேலே வந்ததும் படகை நோக்கி நீந்தாதீர்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், படகு உங்களிடம் வரும், கயிறு வீசுவார்கள், அதைப் பிடித்துக் காத்திருங்கள். ஏணியில் ஒருவர் ஏறும்போது அதன் அடியில் நிற்காதீர்கள், டேங்கோடு அவர் விழுந்தால் உங்கள் தலைமேல்தான். மாஸ்கும் ரெகுலேட்டரும் கால் தளத்தில் படும்வரை முகத்திலேயே இருக்கட்டும். மேலே வந்த மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அலை அடித்து வாய் நிறைய உப்புநீர் குடிப்பவர்கள் ஒவ்வொரு படகிலும் உண்டு.

8. நாளுக்கு எத்தனை டைவ்?

பட்டியலில் நான்கு இருக்கும். முதல் பயணக்காரர்கள் மூன்று போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்தாயிற்றே என்று நான்கையும் அடித்துவிட்டு, மூன்றாம் நாள் காலை தலைவலியோடும் காது அடைப்போடும் எழுந்து, ரிஷலியூவையே விட்டுவிட்டு அறையில் படுத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விடுவதென்றால் மதிய டைவை விட்டுத் தூங்குங்கள். அந்தி டைவில்தான் கணவாயும் பேய்க்கணவாயும் வெளியே வரும்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள், டேங்க் காற்று உலர்ந்தது. சளி பிடித்தால் இறங்காதீர்கள். மூக்கடைப்பு மருந்து டைவ் நடுவில் வேலை முடிந்துவிட்டால், மேலே வரும்போது காதில் காற்று சிக்கிக்கொள்ளும்.

9. கோ போன்: ஒரே இடத்தில் காத்திருங்கள்

தீவின் மேற்கு முனையிலிருந்து ஒரு பாறை முதுகு கடலுக்குள் இறங்கிப் போகும். மான்டாக்கள் வருவது இங்கேதான். வரும் என்ற உறுதி கிடையாது.

முதுகின் மேல்பகுதியில், பவளத்தில் படாமல், நீரோட்டத்துக்கு மறைவான பக்கம் ஒதுங்கி நின்று நீலத்தைப் பாருங்கள். அங்குமிங்கும் தேடி அலைந்தால் காற்றுதான் வீணாகும். மான்டா வந்ததும் துரத்தக் கூடாது. கீழாகவும் பக்கவாட்டிலும் அசையாமல் இருந்தால் அதுவே சுற்றிச் சுற்றி வரும், ஒருவர் மேலே எழும்பி நேராக நீந்தினால் ஒரே இறக்கை வீச்சில் போய்விடும், பிறகு அந்த டைவில் யாருக்கும் இல்லை.

20 மீட்டரை ஒட்டி நீர் எண்ணெய் கலந்ததுபோல் நெளிந்து தெரிந்தால், அதன் கீழே குளிர்நீர் அடுக்கு. கன்னத்தில் சுரீரென்று உறைக்கும், பார்வைத் தூரம் பாதியாகும். மூச்சு தானாக வேகமெடுக்கும். இரண்டு மூன்று மீட்டர் மேலே வந்தாலே வெதுவெதுப்பான நீர் கிடைத்துவிடும்.

10. கோ தாச்சாய்: கயிற்றை விடாதீர்கள்

தீவுக்குத் தெற்கே கடலுக்கடியில் ஒரு பாறைக் குன்று. தீவில் கால் வைக்க 2016 முதல் அனுமதி இல்லை, டைவ் மட்டும்தான். இந்த வரிசையில் நீரோட்டம் மிகவும் வலுவாக இருப்பது பெரும்பாலும் இங்கேதான், மீன் கூட்டமும் அதனால்தான். சீலா மீன்கள் சுவராக நிற்கும், பேட்ஃபிஷ்கள் முகத்துக்கு நேரே வரும்.

இறங்குவது மிதவை கட்டிய கயிற்றின் வழியாக. படகிலிருந்து குதித்ததும் கயிறு மூன்று நான்கு மீட்டர் தள்ளி இருக்கும். சிலர் குதித்ததும் மாஸ்கைச் சரிசெய்து, படகிலுள்ளவருக்குக் கையசைத்துவிட்டுத் திரும்புவார்கள், அதற்குள் கயிறு பதினைந்து மீட்டர் தூரத்தில் இருக்கும். பிறகு எதிர்நீச்சல் போட்டு, வந்து சேரும்போது காற்று 40 பார் குறைந்திருக்கும். மாஸ்க், ஃபின், வால்வு எல்லாம் தளத்திலேயே சரிபார்த்துவிட்டு, குதித்ததும் நேராகக் கயிறு. ஒரு கை கயிற்றில், மறுகை மூக்கில் காதைச் சமன்செய்ய. கை மாற்றி மாற்றிக் கீழே போங்கள். உச்சியை அடைந்ததும் பாறையின் மறைவுப் பக்கம் திரும்பிவிட்டால் நீர் சட்டென்று அடங்கும், அங்கே ஒரு நிமிடம் நின்று மூச்சை நிதானப்படுத்திவிட்டு மற்றதைப் பாருங்கள்.

100 பார் வந்ததும் வழிகாட்டியிடம் காட்டுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். திரும்பவும் கயிற்றுக்கு வர வேண்டும், எதிர்நீரில் காற்று இரு மடங்கு செலவாகும். கயிறு தவறிவிட்டால் போராடாதீர்கள். வழிகாட்டியோடு சேர்ந்து நின்று, மிதவையை அனுப்பிவிட்டு நீரின் போக்கில் மேலே வாருங்கள், படகு பின்தொடர்ந்து வரும்.

மேற்பரப்பிலேயே நீர் ஓடும் வேகம் பயமுறுத்தினால் அந்த டைவை விட்டுவிடுங்கள். வழிகாட்டிகள் அதை மதிக்கிறார்கள்.

11. ரிஷலியூ பாறை: மெதுவாக

சுரின் தீவுகளுக்குக் கிழக்கே, சுற்றிலும் வேறு நிலமே இல்லாத இடத்தில் குதிரை லாட வடிவத்தில் ஒரு பாறை. வற்று நேரத்தில் மட்டும் உச்சி வெளியே தெரியும், அடி ஏறக்குறைய 30 மீட்டர். ஊதா நிற மென்பவளம் பாறை முழுக்க மூடியிருக்கும். பெரும்பாலான படகுகள் ஒரு நாள் முழுக்க இங்கேயே நிற்கும்.

காலை முதல் டைவில் ஆழமான பகுதியைச் சுற்றி, பிறகு மேலேறுங்கள், அடுத்தடுத்த டைவ்கள் ஆழம் குறைந்தவையாக இருக்கட்டும். உடம்பில் நைட்ரஜன் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, மாலையில் ஆழம் போனால் கம்ப்யூட்டர் தரும் நேரம் மிகக் குறைவு.

இங்கே கடற்குதிரை, ஹார்லெக்வின் இறால், பைப்ஃபிஷ் எல்லாம் விரலளவு உயிர்கள். எல்லோரும் பாறைக்கு முகத்தை ஒட்டிக்கொண்டே போவார்கள். கை ஊன்றத் தோன்றும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு தேள் மீன் இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள், பாறை நிறத்திலேயே இருக்கும் அதன் முள் நஞ்சு. ஐந்தாம் கட்டத்தில் எடையைச் சரிசெய்தவர்கள் இங்கே கை ஊன்றாமலே ஒரு கடற்குதிரை முன் ஐந்து நிமிடம் நிற்பார்கள், மற்றவர்கள் பவளத்தை உதைத்துக்கொண்டு தாண்டிப் போவார்கள். அவ்வப்போது திரும்பி நீலத்தையும் பாருங்கள், திமிங்கலச் சுறா வந்தால் முதுகுக்குப் பின்னால்தான் போகும். நாளின் நடுவில் பல படகுகள் சேரும், எனவே உங்கள் வழிகாட்டியின் ஃபின் நிறத்தை இறங்கும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு கூட்டத்தின் பின்னால் போய்ச் சேர்வது இங்கே சர்வசாதாரணம்.

12. திரும்பும் நாள்

திரும்பும் வழியில் சில படகுகள் கரைக்கு அருகே மூழ்கிய பூன்சுங் கப்பலில் இறக்கும். தகரம் தோண்டப் பயன்பட்ட கலம், 1984இல் மூழ்கியது, ஏறக்குறைய 18 மீட்டர் ஆழம். நீர் கலங்கல்தான், ஆனால் அஞ்சாலையும் லயன்ஃபிஷ்ஷும் குவிந்திருக்கும். துணைவரைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு துருத்திக்கொண்டிருக்கும், உள்ளே நுழைய வேண்டாம்.

கடைசி டைவ் முடிந்து குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. இத்தனை நாள் தொடர்ந்து அடித்தபின் நான் 24 மணி நேரம் வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் விமானத்துக்குள் அழுத்தம் குறையும்போது உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாக வெளியேறும். டிக்கெட் போடும்போதே ஒரு இரவு காவ் லாக்கில் தங்குவதாகக் கணக்கு வையுங்கள். மூட்டு வலி, தோலில் புள்ளி புள்ளியாகச் சிவப்பு, மரத்துப்போதல், வழக்கத்துக்கு மீறிய சோர்வு இருந்தால் "தூங்கினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆக்ஸிஜன் கேளுங்கள், காப்பீட்டு அவசர எண்ணுக்கு அழையுங்கள். அந்த எண்ணைக் கிளம்பும் முன்பே போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், கூட வருபவர் போனிலும் இருக்கட்டும்.